தோல் கணக்கும் எண்ணெய்க் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரு நாட்டு நட்புக்கு அடையாளம் என்று பாண்டா கரடியின் படம் முதல் பக்கத்தில் வருகிறது. அது அன்பளிப்பு அல்ல, குத்தகை என்பதும், ஜோடிக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை கட்டணம் உண்டு என்பதும், பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே சொந்தம் என்பதும் பெரும்பாலும் வருவதில்லை. விலங்குகளைப் பற்றி நாடுகள் போடும் ஒப்பந்தங்களில் நாம் படிக்க வேண்டியது இந்த ஷரத்துகளைத்தான். பழைய ஒப்பந்தங்கள் இரண்டை அருகருகே வைத்தால் இது விளங்கும்.

முதலாவது, அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடாவின் சார்பில் பிரிட்டன் ஆகிய நான்கும் 1911 ஜூலை 7 அன்று கையெழுத்திட்ட ஃபர் சீல் ஒப்பந்தம். ஃபர் சீல் என்ற கடல்நாய் வட பசிபிக்கில் சில தீவுகளில் மட்டுமே குட்டி ஈனும். தாய், குட்டியைக் கரையில் விட்டுப் பல நாள் இரை தேடப் போகும். திரும்பி வந்து தன் குட்டிக்கு மட்டுமே பால் கொடுக்கும். தோலுக்காக அதைக் கடலில் வைத்துச் சுடுபவருக்கு ஆண், பெண் தெரியாது. சுட்டதில் பல, படகு நெருங்கும் முன்பே மூழ்கிவிடும். தாய் செத்தால் வயிற்றுக் கருவும் போகும், கரையில் குட்டியும் பட்டினியில் சாகும். தரையிலோ, ஒரே ஆண் பல பெண்களோடு கூடுவதால், ஒதுங்கிக் கிடக்கும் இளம் ஆண்களை மட்டும் பிடித்தால் பிறப்பு குறையாது. (கொல்லலாமா என்பது வேறு கேள்வி, அன்று அதை எந்த அரசும் கேட்கவில்லை.)

1893-ல் பாரிஸ் நடுவர் மன்றம் அமெரிக்காவின் பிரிபிலாஃப் தீவுகளைச் சுற்றி 60 மைலுக்குள் கடல் வேட்டைக்குத் தடை போட்டது. அது அமெரிக்காவையும் பிரிட்டனையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. ஜப்பானியக் கப்பல்கள் உள்ளே வந்தன. 1911-ல்தான் வழி பிறந்தது. நால்வரும் கடல் வேட்டையை நிறுத்தினார்கள். அதற்கு ஈடாக, அமெரிக்காவும் ரஷ்யாவும் தத்தம் தீவுகளில் எடுக்கும் தோலில் கனடாவுக்கு 15 சதவீதம், ஜப்பானுக்கு 15 சதவீதம் கொடுத்தன. ஜப்பான் தன் தீவுத் தோலில் மற்ற மூவருக்கும் தலா 10 சதவீதம் தந்தது. திருட்டுத்தனமாகக் கடலில் சுட்டால் மந்தை குறையும், தன் பங்கும் குறையும். அரசு முத்திரை இல்லாத தோலை இறக்குமதி செய்யவும் தடை. கரையோரப் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு: துடுப்போ பாயோ கொண்டு செல்லும் ஓடம், ஐந்து பேருக்கு மேல் கூடாது, துப்பாக்கி கூடாது. 1941-ல் ஜப்பான் விலகும் வரை ஒப்பந்தம் நின்றது, மந்தையும் பெருகியது.

இரண்டாவது, 1946-ன் திமிங்கல ஒப்பந்தம். அண்டார்டிக் கடலுக்கான வரம்பை 'நீலத் திமிங்கல அலகு' என்று வைத்தார்கள். ஒரு நீலத் திமிங்கலம், இரண்டு துடுப்புத் திமிங்கலம், இரண்டரை கூன்முதுகுத் திமிங்கலம், ஆறு சேய் (Sei என்ற இனம், குட்டி அல்ல) திமிங்கலம் எல்லாம் ஒரே அலகு. அளவுகோல், கிடைக்கும் எண்ணெய். ஒரு பருவத்துக்கு மொத்தம் 16,000 அலகு; நாட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கவில்லை. எனவே பருவம் திறந்ததும் போட்டி. ஆறு சேய் திமிங்கலங்களைத் துரத்துவதைவிட ஒரு நீலத்தைத் துரத்துவது லாபம் என்பதால், அது அரிதான பிறகும் கண்ணில் பட்டதை விடவில்லை. கப்பலில் இருந்த ஆய்வாளரும் அந்தக் கப்பலின் நாட்டுக்காரரே. 1959 முதல் 1961 வரை இரண்டே பருவங்களில் சோவியத் கப்பல்கள் ஏறத்தாழ 25,000 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்று பொய்க் கணக்குக் கொடுத்தன. 1972-ல் அந்த அலகைக் கைவிட்டபோது காலம் கடந்திருந்தது. 1982-ல் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்த பின்னும், 90 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவித்த நாட்டை முடிவு கட்டாது என்ற ஷரத்தைப் பிடித்துக்கொண்டு நார்வே இன்றும் வேட்டையாடுகிறது.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலுக்காக 2023 ஜூனில் ஐ.நா. ஏற்ற திறந்த கடல் ஒப்பந்தத்திலும் ஆட்சேப ஷரத்து உண்டு. ஆனால் 120 நாளுக்குள் காரணம் சொல்ல வேண்டும், இயன்றவரை அதே பலன் தரும் மாற்று ஏற்பாட்டைச் செய்ய வேண்டும், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆட்சேபத்தைப் புதுப்பிக்க வேண்டும். இதன் கீழ் முதல் பாதுகாப்புப் பகுதி முடிவாகும் நாளில், எந்த நாடு ஆட்சேபித்தது, என்ன மாற்று ஏற்பாட்டைச் சொன்னது என்பதைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்