தாபோ சுவரில் வைக்கப் போன கை

அண்ணே,

நாளையோடு ஒரு வருஷம். நடந்தது உங்களுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. நான் இங்கே எழுதுவதை மட்டும் படிக்கிறீர்கள் என்று சின்னவன் சொன்னான். நாலு பேர் வந்து போகிற இடம் இது, அதனால் வீட்டு விஷயம் எதையும் எடுக்கமாட்டேன். தாபோ புத்தக் கோயிலின் அந்தக் கூடம், அந்தச் சுவர், உங்கள் கை. அது போதும்.

உள்ளே நுழைந்து இடப்பக்கம் திரும்பினோம். அங்கேயும் நம் கோயில் மாதிரி வலம்தான். தலைக்கு மேலே சுவரோடு சுவராகக் களிமண் தெய்வங்கள், அவற்றுக்குக் கீழே வரிசையாகச் சித்திரம். தெற்குச் சுவரில் இருப்பது சுதனன் கதை. ஞானம் தேடி ஆசான் மேல் ஆசானாக ஐம்பது பேருக்கு மேல் பார்த்துவிட்டு வரும் பையன். அவன் தேடிப் போனவர்களில் மேகன் என்று ஒருவர். திராவிட நாட்டவர் என்றே இந்தக் கதை வரும் புத்த நூலான கண்டவியூக சூத்திரம் சொல்கிறது. இமாச்சலின் ஸ்பிதியில், வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் பள்ளத்தாக்கில், நம் பக்கத்து ஆசான் ஒருவரும் வருகிற கதையைச் சுவர் நீளத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் அதைச் சொல்லத்தான் திரும்பினேன். உங்கள் விரல் மடங்கிச் சுவரைத் தட்டப் போய்க்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால், அந்த லாமா முன்னால், உங்கள் கையைத் தட்டிவிட்டேன். சத்தம் கேட்கிற மாதிரி.

தப்பு. வயசில் பெரியவர் கைமேல் நான் கை ஓங்கியிருக்கக் கூடாது. "அண்ணே, வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தை வருவதற்குள் விரல் பட்டிருக்கும்.

பூச்சைத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விட்டிருக்கிறதா பிடித்திருக்கிறதா என்று சொல்கிற கை உங்களுடையது. நாற்பது வருஷம் அந்தக் கையில்தான் நம் குடும்பம் சாப்பிட்டது. ஆனால் நீங்கள் தட்டிப் பழகியது சுண்ணாம்பு. தஞ்சாவூர் பெரிய கோயில் உள்சுற்றில் சோழர் ஓவியம் இருக்கிறதே, அது ஈரச் சுண்ணாம்பில் எழுதியது. பூச்சு இறுகும்போது நிறமும் அதோடு சேர்ந்து இறுகிவிடும். மேலே நாயக்கர் காலத்தில் இன்னொரு அடுக்கு எழுதியும், 1931இல் அதற்கடியில் சோழர் நிறம் கிடைத்தது அதனால்தான். தாபோவில் சுண்ணாம்பு கிடையாது. சுடாத பச்சைச் செங்கல் சுவர், அதன்மேல் மண் பூச்சு, அது நன்றாகக் காய்ந்த பிறகு வஜ்ஜிரம் மாதிரி பசையில் குழைத்த நிறம். நிறம் மண்ணுக்குள் இறங்காமல் மேலே ஒரு தோலாகத்தான் நிற்கிறது. மண் பூச்சு சுவரை விட்டு எழும்பியிருக்கும் இடத்தில் ஒரு தட்டு தட்டினால் சில்லு சில்லாகக் கொட்டும். வியர்வைக் கை பட்டால் பசை இளகும். கோயில் எடுத்தது 996, புதுப்பித்தது 1042. முதல் தேதி ராஜராஜன் ஆட்சிக்குள் விழுகிறது. 1975 ஜனவரி கின்னௌர் நிலநடுக்கத்தையும் தாங்கிய சுவர் அது.

அதற்கு இப்போது பெரிய எதிரி கூரைதான். மரம் பரப்பி, மேலே சுள்ளி அடுக்கி, அதன்மேல் மண் மெத்தி வைத்த மட்டக் கூரை. நம் மெட்ராஸ் தளத்தில் கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பை அடித்து இறுக்குவோம். இங்கே அந்த வேலை இல்லை. பனியை மண்வெட்டியால் தள்ளிவிட்டால் தாங்கும். மழை விடாமல் இரண்டு நாள் பெய்தால் மண் ஊறி, உத்திரம் சுவரில் உட்காரும் இடத்தில் தண்ணீர் இறங்கும். நீங்கள் பார்த்த பழுப்புக் கோடெல்லாம் அப்படி இறங்கிய மண் தண்ணீர். "இது கூரை ஒழுக்கு" என்று நுழைந்த நிமிஷமே சொன்னீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். அப்போது உங்களை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்ல வாயே திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மணாலி வழி வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன்? ஒரு நாள் மிச்சம் என்றீர்கள். காலையில் 2,000 மீட்டரில் கிளம்பி, குன்சும் கணவாயில் 4,500க்கு மேல் ஏறி, அன்று ராத்திரியே ஸ்பிதியின் காசா ஊரில் 3,600க்கு மேல் படுத்தால் யாருக்கும் தலை வெடிக்கும். விடிய விடியத் தூங்காத மனுஷன் மறுநாள் என் ஒரு தட்டைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார். அந்த ராத்திரி முழுக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் யார் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

சரி, விடுங்கள்.

வருகிற செப்டம்பரில் திரும்பப் போவதாக முடிவு பண்ணிவிட்டேன். இந்தத் தடவை ஷிம்லா வழி. முதல் ராத்திரி ஷிம்லா, அடுத்தது சராஹன், பிறகு கல்பாவில் இரண்டு ராத்திரி. கல்பா 2,900 மீட்டர் வாக்கில் இருக்கிறது, உடம்பு பழகுவது அங்கேதான். அங்கிருந்து தாபோ ஒரு முழு நாள். 3,280 மீட்டர்தான், படுக்கும் உயரம் ஒரேயடியாக ஏறாது. 3,000 தாண்டினால் ஒரு ராத்திரிக்கு 500க்கு மேல் ஏறிப் படுக்கக் கூடாது என்பது கணக்கு. கல்பாவை விட்டு இருட்டோடு கிளம்ப வேண்டும்: நாகோ பக்கம் மலிங்கில் சரிவு சும்மா இருக்காது, வெயில் ஏற ஏறப் பனி உருகிச் சாலையில் தண்ணீர் கூடும். ஜூலை, ஆகஸ்ட் அந்தப் பாதையே வேண்டாம், மழைக்கு மலை சரியும். ரொக்கம் ஷிம்லாவிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உயரம் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை, 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுவது என்னென்ன என்று இங்கே எழுதமாட்டேன். சீட்டை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் மாத்திரையை நம்பி உட்காராமல் அந்த நிமிஷமே கீழே இறங்கியாக வேண்டும். போன தடவை "காலையில் சரியாகிவிடும்" என்றீர்கள், நானும் தலையாட்டினேன். அதில் பாதித் தப்பு என்னுடையது.

கோயிலுக்குள் செருப்பும் முதுகுப் பையும் வேண்டாம். திரும்பும்போது பை உரசித்தான் பல இடத்தில் நிறம் போயிருக்கிறது. படம் எடுக்க விடமாட்டார்கள். சின்ன டார்ச் ஒன்று போதும். சுவருக்குக் கிட்டே கொண்டு போகாமல், பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழும்பிய பூச்சு நிழல் காட்டும். தட்டாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு பேருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அண்ணி வந்தால் மூன்று. ஊருக்குள் வீடுகளும் மண் சுவர்தான் அண்ணே. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் தட்டிப் பாருங்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தங்கச்சி