கதவைக் கழற்றிவிட்டுச் சுவரை இடியுங்கள்

பழைய வீடுகளை இடிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் தோழர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் இடிக்கும் வீடுகளின் மரத்தில் மேசை, பெஞ்சு, அலமாரி செய்கிறவன் நான். கேட்பது ஒன்றுதான்: சுவரில் சம்மட்டி விழுவதற்கு முன்னால் கதவு, ஜன்னல், பரண் பலகை எல்லாவற்றையும் முழுசாகக் கழற்றி எடுங்கள். பாரம் தாங்கும் உத்திரத்தை மட்டும் கூரை இறங்கிய பிறகு எடுத்தால் போதும்.

ஆறரை அடிக் கதவு சேதமில்லாமல் வந்தால் சாப்பாட்டு மேசைக்கு மேற்பலகை கிட்டத்தட்ட தயார். முப்பது அங்குல உயரத்துக்குக் கால் கொடுத்தால் சரி. அதே கதவு பிளந்து வந்தால் முக்காலிக்குத்தான் ஆகும். புதிதாக அறுத்த பலகையைக் காற்றில் உலர்த்த, அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர் கணக்கு. உங்கள் கடப்பாரைக்கு அடியில் இருப்பதோ பல வருடம் காய்ந்து இறுகிய மரம்.

பழைய பலகைக் கதவைக் கிட்டத்தில் பாருங்கள். சட்டங்கள் சேரும் மூலையில் பெரும்பாலும் மர ஆணியின் தலை சின்ன வட்டமாகத் தெரியும். பின்னாலிருந்து தட்டி அதைத் தள்ளிவிட்டால், சட்டத்தின் நுனியில் நாக்குப்போலச் செதுக்கிய கழுந்து துளையைவிட்டு மெதுவாக வெளியே வரும். நடுப்பலகையை வழக்கமாகப் பசை போட்டு ஒட்டுவதில்லை. மழைக்கு விரியவும் வெயிலுக்குச் சுருங்கவும் இடம் விட்டு, சட்டத்தில் வெட்டிய காடி என்னும் நீளப் பள்ளத்தில் செருகித்தான் வைத்திருப்பார்கள். நெம்பினால் முதலில் சிதைவது அந்த மூலைதான். பார்க்கவே மனசு கேட்காது.

ஆணிகளை அப்படியே விடுங்கள், நாங்கள் பிடுங்கிக்கொள்கிறோம். தலையை அடித்து உள்ளே மட்டும் புதைக்காதீர்கள். புதைந்த ஓர் ஆணி போதும், இழைப்புளியின் அலகு பல்லுப்பல்லாகிவிடும். அப்புறம், பெயிண்டை நெருப்புக் காட்டி உரிக்க வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் ஆட்கள்தான்.

உளுத்து மாவு கொட்டும் மரத்தைத் தனியே ஒதுக்குங்கள், பூச்சி நல்ல மரத்துக்கும் பரவும். ஈரத்தில் ஊதிப்போன துகள் பலகை (பார்ட்டிகிள் போர்டு) எங்களுக்கு வேண்டாம். அதில் திருகாணி மறுபடி பிடிக்காது.

கழற்ற நேரம் ஆகும், கூலியும் ஆகும். அதை மரத்தின் விலையில் சேர்த்தே கேளுங்கள். நல்ல தேக்கை விறகு விலைக்கு வாங்கிப்போவது எங்களுக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆள் போதவில்லை என்றால் இடிக்கும் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள்; ஆணிபிடுங்கியோடு நாங்களே வந்து கழற்றிக்கொள்கிறோம்.

அன்புடன்,
பழைய மரத்தில் வேலை செய்யும் ஒரு தச்சன்