பவர் பத்திரம் அனுப்பும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குச் சளி விட்டதா? வீட்டை பில்டரிடம் கொடுத்துவிடலாம் என்று சித்தப்பா உன்னிடம் போனில் பேசியதாகவும், நீ யோசித்துச் சொல்வதாகச் சொன்னதாகவும் தெரிந்தது. போனில் இதைப் பேச ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால் எழுதுகிறேன். பவர் பத்திரம் போடுவதற்கு முன்னால் முழுவதும் படித்துவிடு.

பக்கத்து வீட்டைப் போன மாதம் இடித்துவிட்டார்கள். மேல்மாடியில் வளைவு வைத்த ஜன்னல், கீழே தூண் வைத்த திண்ணை, பரீட்சைக்கு நீ உட்கார்ந்து படிப்பாயே, அந்த வீடு. முதலில் வந்தவர்கள் பழைய மரச் சாமான் வியாபாரிகள். வாசற்கதவை நிலையோடு பெயர்த்தார்கள். முற்றத்தைச் சுற்றி இருந்த தேக்குத் தூண்களை, மேலே முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவி வண்டியில் ஏற்றினார்கள். எங்கேயாவது ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் போய் நிற்கும். அப்புறம்தான் கடப்பாரை வந்தது. நம் வீட்டைப் போலவே கட்டைக்குத்துத் தளம். மரச்சட்டங்களுக்கு மேலே சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, சுண்ணாம்பில் ஒட்டிக் கட்டியது. அடிக்க அடிக்க அது விழவில்லை. சுவரில் பூச்சு இருந்த இடமெல்லாம் சங்கு மாதிரி வழவழப்பு, அத்தனை வருடம் கழித்தும் ஒரு வெடிப்பு இல்லை. "சிமெண்ட்டா இருந்தா காலையிலேயே முடிச்சிருப்போம், இது விடமாட்டேங்குதும்மா" என்றான் இடிக்க வந்த பையன். அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சத்தம் மட்டும் சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

2014 நவம்பர் 29-ஆம் தேதி நம் புதுச்சேரி பீச் ரோட்டில் மேரி கட்டடம், பழைய நகராட்சி அலுவலகம், மழையில் இடிந்து விழுந்தபோது, நீ அங்கிருந்து பதறிப்போய்க் கூப்பிட்டாய். தாத்தாவின் கல்யாணத்தைப் பதிவு செய்த இடமாயிற்றே என்றாய். 1870-71-இல் கட்டியது. வருடக்கணக்கில் கவனிப்பார் இல்லாமல் கிடந்து, கடைசியில் ஒரு மழைக்குத் தாங்கவில்லை. ஊரே அழுதது. பேப்பரில் எழுதினார்கள், கூட்டம் போட்டுப் பேசினார்கள். அந்தக் குரலுக்குப் பலன் இருந்தது. சுமார் 15 கோடி ரூபாய் செலவில் அதே வடிவத்தில் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்துவைத்தார்கள். புதுசுதான் என்றாலும் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அது சர்க்கார் கட்டடம், அதுவும் கடற்கரையில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருப்பது. பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம் தெருக்களில் ஒரு வீடு போனால் யார் அழுகிறார்கள்? சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் இருந்த வொயிட் டவுனில் மஞ்சள் சுவரைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். புதுச்சேரி என்றால் அதுதான் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நம் பக்கத்து வீடுகளின் அழகு வேறே. கீழே திண்ணை, முற்றம், பூஜை அறை என்று முழுக்கத் தமிழ் வீடு. மாடி ஏறினால் வளைவு, தூண், பிரெஞ்சு ஜன்னல். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே கொத்தனார் கையால் கட்டியது. வேறு எந்த ஊரில் இதைப் பார்ப்பாய்? தெரு ஓரமாகத் தாழ்வாரம் இறக்கியிருப்பார்கள். வெயிலானாலும் மழையானாலும் நடந்து போகிறவர் ஒதுங்குவதற்கென்றே சொந்தச் செலவில் கட்டிய நிழல் அது. அந்தத் தாழ்வாரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. மீதி இருப்பது வீடுகள்தான்.

வைசியாள் வீதியை நினைத்துப் பார். ஐரோப்பிய உதவியோடு வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு அந்தத் தெருவைச் சீர்செய்தார்கள், யுனெஸ்கோ விருதும் வந்தது. மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் ஒரு தெருவோடு நின்றுபோயிற்று.

1761-இல் இங்கிலீஷ்காரர்கள் இந்த ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாலு வருடம் கழித்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி வந்ததும், பழைய தெருக்கோட்டின் மேலேயே மறுபடி எழுப்பினார்கள். அப்போது இடித்தவன் எதிரி. இப்போது பாகப்பிரிவினைதான் இடிக்கிறது. கட்டினவர் ஒருவர், பங்குக்காரர்கள் பாரீஸ், ரீயூனியன், சென்னை என்று ஊர் ஊராக இருக்கிறார்கள். ஒழுகுகிற தளத்துக்கு யார் பணம் போடுவது என்று முடிவாவதற்குள் இரண்டு மழை போய்விடும். மரச்சட்டம் உளுத்துவிடும். அந்த நேரம் பார்த்து பில்டர் வந்து, ஆளுக்கொரு ப்ளாட், கையில் இவ்வளவு ரொக்கம் என்பார். சித்தப்பாவைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

தூரத்தில் இருக்கிறேன், என்னால் என்ன செய்யமுடியும் என்று நீ கேட்பாய். உன் கொள்ளுத்தாத்தாவும் தூரத்தில்தான் இருந்தார். வியட்நாமில், சைகோனில் வேலை பார்த்துக்கொண்டே, பணத்தைக் கப்பலில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பி, இந்த வீட்டைக் கட்டினார். முற்றத்துத் தூண்கள் எப்படி இருக்கவேண்டும் என்று அங்கிருந்தே கடிதம் எழுதினார் என்று உன் பாட்டி சொல்வார்.

செலவு இல்லை என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. பின்கட்டில் தளம் ஒழுகுகிறது. மாடி ஜன்னலில் இரண்டுக்கு மரமே இல்லை. சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இப்போது லேசில் கிடைப்பதில்லை. சிமெண்ட் பூசிவிடலாம் என்று சொல்கிறார்கள், அதை மட்டும் நான் விடமாட்டேன். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது. உள்ளே ஈரத்தை அடைத்துவைத்துச் செங்கல்லை அரித்துவிடும். வைசியாள் வீதி வேலையில் இருந்த கொத்தனார் ஒருவர் இருப்பதாகக் கேள்வி, அவரைத் தேடச் சொல்லியிருக்கிறேன். பழைய கட்டடங்களைக் காப்பாற்றப் பாடுபடுகிற இன்டாக் ஆபீசிலும் போய்க் கேட்கப்போகிறேன். முன்கட்டை வாடகைக்கு விட்டால் சித்தப்பாவின் பங்குக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்கலாம். மிச்சத்துக்கு அவர் பங்கை நீ கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள முடியுமா என்று மருமகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார். முடியாது என்றால் முடியாது என்று சொல், வேறு வழி பார்ப்போம். ஆனால் கணக்குப் போடாமல் சொல்லாதே.

பொங்கலுக்கு எல்லோரும் வாருங்கள். டிசம்பர் வேண்டாம், மழை விட்டிருக்காது, தளத்தில் ஏறிப் பார்க்க முடியாது. கொத்தனாரையும் சித்தப்பாவையும் அன்றைக்கே வரச் சொல்கிறேன், நீயே நேரில் பேசு. அதுவரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவேண்டாம். சித்தப்பாவிடம் இதை நானே சொல்லிவிடுகிறேன், நீ கவலைப்படாதே.

அன்புடன்,
அம்மா