புது கார், ஓயாத செலவு

ஆசிரியருக்கு வணக்கம்,

கார் வாங்கி இன்னும் 3 வருடம் முடியவில்லை, அதற்குள் சர்வீஸ் சென்டருக்கு அலைந்தே ஓய்ந்துவிட்டேன். கல் பட்டு முன் கண்ணாடி விரிசல் விட்டது. சரி, கண்ணாடியை மாற்றினால் போதும் என்று போனால், அதன் பின்னால் இருக்கும் கேமராவைக் காட்டி, தானியங்கி பிரேக் அதை நம்பித்தான் இயங்குகிறது, கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி கேலிபரேஷன் செய்தே, அதாவது அதன் பார்வை பிசகாமல் சரிப்படுத்தியே ஆக வேண்டும் என்று தனியாக ஒரு பில் போட்டார்கள். பாதுகாப்பு விஷயம், செய்யத்தான் வேண்டும். ஆனால் விற்கும்போது இதை ஏன் யாருமே சொல்லவில்லை?

அப்புறம் பேட்டரி. சிக்னலில் தானாக அணைந்து எழும் என்ஜினுக்குச் சாதாரண பேட்டரி தாங்காது, அதற்கென்று தனி வகை, விலையும் அதிகம். டயர், பிரேக் பேட் எல்லாம் தேய்கிற பொருள் என்று வாரண்டியில் கைவிரிக்கிறார்கள். அதிகம் ஓட்டாவிட்டாலும் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதையும் மாற்றியாக வேண்டும். இன்சூரன்ஸ், கடன் தவணை வேறு.

மைலேஜைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிற கம்பெனிகள் முதல் 5 வருடப் பராமரிப்புச் செலவையும் விற்பனைக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். இதை உங்கள் பத்திரிகை அழுத்திக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்