சுஷ்மா ஸ்வராஜின் கறுப்பு கோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முன்னாள் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ட்விட்டரில்தான் ஆரம்பிக்கிறார்கள். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவருக்கு உடனே பதில் போட்டார், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டார், தாய் மாதிரி இருந்தார் என்று அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் வக்கீலாக இருந்தது ஒரே வரியில் போய்விடுகிறதே என்று எனக்கு வருத்தம், ஏனென்றால் அவருடைய அரசியல் வாழ்க்கையை அதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

1973ல் உச்ச நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். இரண்டே வருடத்தில் நெருக்கடி நிலை வந்தது. அரசுக்கு எதிராக வெடிவைக்கச் சதி செய்ததாகப் போடப்பட்ட பரோடா டைனமைட் வழக்கில், எதிர்க்கட்சித் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்காக நின்ற வழக்கறிஞர்களில் அவரும் அவர் கணவர் ஸ்வராஜ் கௌஷலும் இருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்களை விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்திருந்த காலம் அது, அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி அந்த வழக்கைக் கையில் எடுத்தது லேசான காரியம் இல்லை. 1977ல் அம்பாலா கண்டோன்மென்ட் தொகுதியில் ஜெயித்து, 25 வயதில் ஹரியானாவில் தேவிலால் அரசின் அமைச்சரானார்.

அப்புறம் எல்லாமே ஏறுமுகமாக இல்லை. 1998ல் டெல்லியின் முதல் பெண் முதல்வர், ஆனால் இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. 1999ல் பெல்லாரியில் கன்னடத்தில் பேசி ஓட்டுக் கேட்டும் சோனியா காந்தியிடம் தோற்றார். 2014ல் வெளியுறவுத் துறைக்கு வந்தார். பிரதமராக இருந்துகொண்டே அந்தத் துறையையும் பார்த்தவர் இந்திரா காந்தி, அதற்கென்றே முழுநேர அமைச்சராக வந்த முதல் பெண் இவர்தான்.

அவரை நான் அதிகம் யோசித்துப் பார்த்தது மொசூல் விஷயத்தில். 2014ல் ஈராக்கின் மொசூல் நகரில் ஐஎஸ் தீவிரவாதிகள் பிடித்துக்கொண்டு போன இந்தியத் தொழிலாளர்களில் ஒருவர் மட்டும் தப்பி வந்து, மற்ற 39 பேரையும் சுட்டுவிட்டார்கள் என்றார். ஆதாரம் இல்லாமல் ஒருவரை இறந்தவர் என்று அறிவிக்க மாட்டேன் என்று சுஷ்மா நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். பிடிவாதம் என்று திட்டினார்கள். எனக்கு அதில் தெரிந்தது வக்கீல் புத்தி. உடல்களைத் தோண்டி எடுத்து, மரபணுச் சோதனை முடித்து, அதன் பிறகே 2018 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிவித்தார். ஆனால் அந்தக் குடும்பங்கள் செய்தியை டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டன. சபை நடக்கும்போது முதலில் சபைக்குத்தான் சொல்ல வேண்டும் என்று அவர் விளக்கம் கொடுத்தார், விதிப்படி சரியாக இருக்கலாம், என்னால் மட்டும் அதை ஏற்க முடியவில்லை. நான்கு வருடம் காத்திருந்தவர்களுக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு போன் போட்டிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உளவாளி என்று சொல்லி பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவுக்காக சர்வதேச நீதிமன்றத்தில் வாதாடிய ஹரீஷ் சால்வே, அதற்கு ஃபீஸாக ஒரு ரூபாய்தான் கேட்டிருந்தார். 2019 ஆகஸ்ட் 6 இரவு, இறப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, சுஷ்மா அவரிடம் போனில் பேசி, நாளை மாலை ஆறு மணிக்கு வந்து ஃபீஸை வாங்கிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். பிறகு அந்த ஒரு ரூபாய் நாணயத்தை, அம்மாவைப் போலவே வக்கீலான சுஷ்மாவின் மகள் பான்சுரிதான் சால்வேயிடம் கொடுத்தார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி