2024–25 ஆண்டறிக்கை: ‘ராக்டைம்’ பிராட்வேக்குப் போகிறது

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், விளையாட்டை விட்டுவிட்டுக் காரில் ஏற்றி அழைத்துவரப்பட்ட பிள்ளைகளுக்கும் வணக்கம். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை நம் நியூ ஜெர்சி இசைநாடக ரசிகர் சங்கம் செய்தவற்றை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை.

நிர்வாகச் செய்திகளை முதலில் முடித்துவிடுவோம். செயற்குழு வழக்கம்போல ஊர் நூலகத்தின் கூட்ட அறையில் கூடியது. ஜனவரிக் கூட்டம் பனியால் தள்ளிப்போனது. பொறுப்பாளர்கள் மாறவில்லை, ஏனென்றால் யாரும் போட்டிக்கு வரவில்லை. இந்த ஆண்டாவது யாராவது முன்வர வேண்டும் என்று தலைவரும் நானும் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த ஆண்டில் நாடக உலகம் இழந்த கலைஞர்களில் மூவரை நம் கூட்டங்களில் நினைவுகூர்ந்தோம். நடிகர் கேவின் கிரீல் 2024 செப்டம்பர் 30 அன்று 48 வயதில் காலமானார். 2022இல் ‘இன்டு த வுட்ஸ்’ இசைநாடகம் நியூயார்க்கின் சிட்டி சென்டர் அரங்கிலிருந்து அந்நகரின் புகழ்பெற்ற பிராட்வே அரங்குகளுக்குப் போனபோது, செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் நம்மைச் சிரிக்க வைத்த ஓநாய் அவர்தான். இசையமைப்பாளர்கள் வில்லியம் ஃபின் ஏப்ரலிலும் சார்லஸ் ஸ்ட்ராஸ் மே மாதத்திலும் மறைந்தார்கள்.

சரி, இனி இந்த ஆண்டு முழுக்க நம்மைப் பிடித்து ஆட்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

சிட்டி சென்டர் தன் ஆண்டு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக 2024 அக்டோபர் 30 முதல் நவம்பர் 10 வரை ‘ராக்டைம்’ இசைநாடகத்தை மேடையேற்றியது. இரண்டே வாரம். லியர் டிபெசனே இயக்கம், 28 வாத்தியக்காரர்கள். நடுவில் நவம்பர் 5 அன்று அதிபர் தேர்தல். நம் குழு போனது தேர்தல் முடிந்த வார இறுதியின் பகல் காட்சிக்கு. போகும்போது ரயிலில் அரசியல் பேசக்கூடாது என்று தலைவர் தடை போட்டிருந்தார். மெட்ரோபார்க் நிலையம் தாண்டுவதற்குள் தடை பறந்துவிட்டது. திரும்பி வரும்போது யாருக்கும் அரசியல் பேசத் தோன்றவில்லை. புளியோதரைப் பொட்டலங்கள்கூட பிரிக்காமலே வீடு வந்து சேர்ந்தன.

நாடகத்தைப் பார்க்காத உறுப்பினர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நியூயார்க் நகருக்குப் பக்கத்து ஊரான நியூ ரோஷெல்லில் வசதியாக வாழும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், ஹார்லெமில் பியானோ வாசிக்கும் கோல்ஹவுஸ் வாக்கர் என்ற கறுப்பினக் கலைஞர், லாத்வியாவிலிருந்து சிறு மகளுடன் கப்பலேறி வரும் டாட்டே என்ற யூதர். இந்த மூன்று கூட்டமும் முதல் பாட்டிலேயே மேடையில் ஒன்றையொன்று முறைத்தபடி சுற்றிவரும். கோல்ஹவுஸ் ஆசையாக வாங்கிய ஃபோர்டு காரைத் தீயணைப்பு வீரர்கள் சிலர் நாசம் செய்கிறார்கள். அவர் நியாயம் கேட்டு ஏறாத படியில்லை, கிடைக்கவில்லை. அங்கிருந்து கதை எரியத் தொடங்குகிறது. டாட்டே தெருவில் காகிதத்தில் நிழலுருவம் வெட்டிப் பிழைக்கிறார், மாசசூசெட்ஸில் லாரன்ஸ் ஆலை வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொள்கிறார், கடைசியில் சினிமா எடுப்பவராகி நம் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் கோட்டு சூட்டோடு வந்து நிற்கிறார்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நியூ ரோஷெல் குடும்பத்தின் தந்தை வடதுருவப் பயணத்துக்காகக் கப்பலில் கிளம்புகிறார். அதே நேரம் டாட்டேயின் கப்பல் எதிரே உள்ளே வருகிறது. இரண்டு பேரும் தண்ணீருக்கு மேலாக ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஊரை விட்டுப் போகிறவனுக்கு உள்ளே வருகிறவனைப் பார்த்தால் புரியவில்லை. வருகிறவனுக்கோ, இவ்வளவு நல்ல ஊரை விட்டு ஒருவன் ஏன் போகிறான் என்று புரியவில்லை. நெவார்க் விமான நிலையத்தில் இரண்டு பெட்டியோடு இறங்கிய அனுபவம் நம் சங்கத்தில் பாதிப் பேருக்கு உண்டு, அதனால் அந்தக் காட்சிக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. பிராண்டன் யூரனோவிட்ஸ்தான் டாட்டே. அவர் வளர்ந்ததும் நியூ ஜெர்சியில்தான்.

கோல்ஹவுஸாக ஜோஷுவா ஹென்றி. பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டும் அதுவரை விருது கைக்கு வராதவர். கோல்ஹவுஸின் காதலி சாராவும் அவரும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு காரையும் எதிர்காலத்தையும் பற்றிப் பாடி முடித்ததும் அரங்கம் கைதட்டத் தொடங்கியது, நிறுத்துவதாக இல்லை. நடிகர்கள் அசையாமல் நின்று காத்திருந்தார்கள். நியூ ரோஷெல் குடும்பத்தின் தாய் பாத்திரத்தில் கேசி லீவி. இவர் பிராட்வே ‘ஃப்ரோசனின்’ முதல் எல்சா என்ற ஒரே காரணத்துக்காக வந்த பிள்ளைகள், வேறு ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அன்றிலிருந்தே எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: இது பிராட்வேக்குப் போகுமா? புதிய உறுப்பினர் ஒருவர், “2,200 பேருக்கு மேல் உட்காரும் அரங்கில், மன்ஹாட்டன் நடுவில், 55ஆவது தெருவில் நடந்ததே, இது பிராட்வே இல்லையா அண்ணா?” என்று கேட்டார். நல்ல கேள்விதான். பிராட்வே என்பது தெருக் கணக்கில் வருவதில்லை. 500 இருக்கைக்குக் குறையாத, பிராட்வே என்று ஏற்கப்பட்ட 41 அரங்குகள் இருக்கின்றன. டோனி விருது அவற்றில் நடக்கும் நாடகங்களுக்கு மட்டும்தான். சிட்டி சென்டர் எவ்வளவு பெரியதானாலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அங்கிருந்து பிராட்வேக்கு ஒரு பாதை உண்டு. 1996இல் அங்கே சில நாட்கள் மட்டும் நடந்த ‘சிகாகோ’ அதே ஆண்டு நவம்பரில் பிராட்வேக்குப் போனது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023இல் ‘பரேட்’, 2024இல் ‘ஒன்ஸ் அப்பான் எ மேட்ரஸ்’ எல்லாம் அதே வழியில் போனவைதான்.

வசந்த காலத்தில் செய்தி வந்தது. வருவது டைம்ஸ் சதுக்கத்துப் பக்கம் அல்ல, 65ஆவது தெருவில் லிங்கன் சென்டர் தியேட்டரின் விவியன் பியூமான்ட் அரங்கு. 1,100க்குச் சற்றுக் குறைவான இருக்கைகள். அதாவது பிராட்வேக்குப் போகும் இந்த நாடகம் பெரிய அரங்கிலிருந்து பாதி அளவு அரங்குக்குப் போகிறது! டிபெசனே அந்த நிறுவனத்தின் புதிய கலை இயக்குநராகிறார், இதுவே அவருடைய முதல் தயாரிப்பு. ஹென்றி, லீவி, யூரனோவிட்ஸ் மூவரும் தொடர்கிறார்கள். செப்டம்பர் 26 முதல் பிரிவியூ காட்சிகள், அக்டோபர் 16 தொடக்க விழா, ஜனவரி 4 வரை 14 வாரம் என்று அறிவித்தார்கள். அன்று நம் வாட்ஸாப் குழுவில் வந்த குரல் பதிவுகளை நான் இன்னும் முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை.

மகிழ்ச்சிக்கு நடுவே பழைய கதையும் வந்தது. ஒய்டூகே எனும் 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்யும் வேலைக்காக இங்கே வந்த புதிதில், 1998இல் 42ஆவது தெருவில் மூல மேடையேற்றத்தைப் பார்த்த மூத்த உறுப்பினர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். பிரயன் ஸ்டோக்ஸ் மிட்செல், மரின் மேஸி, ஆட்ரா மெக்டொனால்ட் மூவரையும் ஒரே மேடையில் பார்த்தவர். அன்றைக்கு மேடைக்கு நிஜக் கார் வந்ததாம். “அதுக்கப்புறம் எதைப் பார்த்தாலும் மோர்தான்” என்பது அவர் தீர்ப்பு. அந்தத் தயாரிப்பு நான்கு டோனி வாங்கியது, சிறந்த இசைநாடக விருது மட்டும் ‘லயன் கிங்’குக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் தயாரிப்பு நிறுவனமான லைவென்ட் திவால் மனு போட்டது. 834 காட்சிகளோடு 2000 ஜனவரியில் திரை விழுந்தது.

நம்மைப் பயமுறுத்துவது அதைவிட 2009தான். அந்த வசந்தத்தில் வாஷிங்டன் கென்னடி சென்டரில் ‘ராக்டைம்’ நடந்து பாராட்டு குவிந்தது. ரசிகர்கள் இதேபோல பிராட்வே, பிராட்வே என்று கேட்டார்கள். அதுவும் வந்தது. நவம்பர் 15 அன்று நீல் சைமன் அரங்கில் தொடங்கி, ஜனவரி 10 அன்று 65 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். விமர்சனம் நன்றாகத்தான் இருந்தது. மூடிய பிறகு டோனி பரிந்துரைகள்கூட வந்தன. ஆனால் மேடையில் அத்தனை பேர், கீழே அத்தனை வாத்தியம் என்றால் வாரச் செலவு எங்கேயோ நிற்கும். விடுமுறைக் கூட்டம் வடிந்த ஜனவரியில் அதைத் தாங்குவது எந்தத் தயாரிப்பாளருக்கும் கஷ்டம்.

இந்த முறை நிலைமை வேறு என்பது என் கருத்து. லிங்கன் சென்டர் தியேட்டர் லாப நோக்கமற்ற நிறுவனம், அதற்கென்று உறுப்பினர்கள் உண்டு. காலக்கெடுவும் முன்பே சொல்லப்பட்டுவிட்டது. 14 வாரம் ஓடினால் சொன்னதைச் செய்ததாகும், ஓடாமல் மூடியதாகாது. 28 வாத்தியக்காரர்களையும் குறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. 2003இல் வாத்தியக்காரர் எண்ணிக்கையைக் குறைப்பதை எதிர்த்தே இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்து பிராட்வே இசைநாடகங்கள் சில நாட்கள் இருண்டு கிடந்தன. முடிவில் பெரிய அரங்குகளுக்கே குறைந்தபட்சம் 18, 19 பேர் என்றுதான் ஒப்பந்தம் ஆனது. ‘ராக்டைமு’க்கு வில்லியம் டேவிட் பிரான் எழுதிய வாத்திய அமைப்பை அதைவிடச் சிறிய குழுவில் கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

என் கவலை வேறு. சிட்டி சென்டரில் ஒத்திகைக்கு நேரமும் குறைவு, காட்சியமைப்பும் குறைவு. அதனாலேயே பாட்டும் முகமும் முன்னால் வந்து நின்றன. பியூமான்ட் மேடை பார்வையாளர்களுக்கு நடுவில் நீண்டு வருவது, மூன்று பக்கமும் ஆட்கள் உட்காருவார்கள். மூன்று கூட்டம் சுற்றிவரும் அந்த முதல் பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பணமும் நேரமும் கிடைத்துவிட்டதே என்று அந்த வெற்றிடத்தை அடைத்துவிடாமல் இருக்க வேண்டும். மூத்த உறுப்பினர் கார் வேண்டும் என்கிறார். இது குறித்துத் தீர்மானம் ஏதும் நிறைவேற்றப்படவில்லை.

குளிர்காலத்தில் 1998 இசைத்தட்டைச் சேர்ந்து கேட்டோம். அப்போது பிள்ளைகளை அழைத்துப்போகலாமா என்ற விவாதம் சூடானது. நாடகத்தில் இனவெறி வசைச்சொற்கள் அப்படியே வருகின்றன. இது நம் மாநிலத்திலேயே எழுந்த பிரச்சினை. 2017இல் செர்ரி ஹில்லில் ஓர் உயர்நிலைப் பள்ளி இதை மேடையேற்றியபோது அந்தச் சொற்களை நீக்குவதா என்று ஊரே பேசியது, கடைசியில் நீக்காமல்தான் நடத்தினார்கள். நம் கூட்டத்தில் ஓர் அக்கா, “இவங்க ஸ்கூல் பஸ்ஸில் கேக்காததா?” என்று ஒரே வரியில் விவாதத்தை முடித்துவைத்தார். முன்பே வீட்டில் பேசிவிட்டு அழைத்துவருவது பெற்றோர் பொறுப்பு என்று முடிவானது.

அக்டோபர் குழுப் பயணம் எதற்கு என்பதற்கு வாக்கெடுப்பு நடந்தது. 1988இல் 68 காட்சிகளோடு மூடப்பட்ட, சதுரங்க ஆட்டத்தைச் சுற்றிய ‘செஸ்’ இசைநாடகமும் இந்த இலையுதிர்காலத்தில், அதே இம்பீரியல் அரங்குக்கே திரும்புகிறது. டிசம்பரில் நம் குகேஷ் சதுரங்க உலக சாம்பியன் ஆன பிறகும் நாம் போகாவிட்டால் சென்னையில் முகம் காட்ட முடியாது என்று இளைஞர் அணி வாதாடியது. 1998இல் ‘ராக்டைம்’ சிறுமியாக நடித்த லியா மிஷேல்தான் இப்போது ‘செஸ்’ நாயகி என்பதையும் இரண்டு தரப்பும் தத்தம் பக்கத்துக்கு இழுத்தன. ‘ராக்டைம்’ வென்றது. தோற்றவர்கள் தனியாகப் போகிறார்கள், சங்க நிதி கிடையாது.

ஓர் எச்சரிக்கை. சிட்டி சென்டர் காட்சிக்கு உறுப்பினர் ஒருவர் ஒரு மறுவிற்பனைத் தளத்தில் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய டிக்கெட் வாசலில் செல்லவில்லை. பணமும் திரும்பவில்லை. அரங்கின் சொந்தப் பதிவு, நம் குழு முன்பதிவு, இரண்டையும் விட்டு வேறெங்கும் வாங்காதீர்கள். கடைசி நேரத்தில் வருபவர்களுக்கு லிங்கன் சென்டருக்கு எதிரிலேயே தள்ளுபடி டிக்கெட் விற்கும் டிகேடிஎஸ் சாளரம் இருக்கிறது, ஆனால் இந்த நாடகம் அதில் வரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

குழு முன்பதிவுக்குப் பெயர் கொடுப்பவர்கள் பணத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். போன முறை பெயர் மட்டும் கொடுத்தவர்களால் பொருளாளர் பட்ட பாட்டை அவரே சொல்வார். பகல் காட்சிதான், இரவு ரயிலுக்கு ஓட வேண்டியதில்லை. பென் ஸ்டேஷனில் இறங்கி 1ஆம் எண் சப்வேயில் 66ஆவது தெரு நிறுத்தம். முன்பு போன சிட்டி சென்டருக்குப் பழக்கதோஷத்தில் போய் நிற்காதீர்கள். சந்தா பாக்கி இருப்பவர்களின் பட்டியல் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
ஆகஸ்ட் 2025