அரையாண்டு விடுமுறையையொட்டி பெற்றோருக்கு ஒரு கடிதம்

கடலூர்

மதிப்பிற்குரிய பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவுற்றன. விளையாட்டிலும் ஓவியத்திலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றனர். ஆண்டு விழா ஏற்பாடுகளும் தொடங்கிவிட்டன. அறிவியல் கண்காட்சியில் பத்தாம் வகுப்பு மாணவியர் செய்து வைத்த மூளை மாதிரியைப் பலரும் பாராட்டினீர்கள்.

அம்மாதிரியின் மேலே பூசியிருந்த சாம்பல் வண்ணத்தைக் கவனித்திருப்பீர்கள். சிந்தனை, நினைவு, பேச்சு ஆகியவற்றுக்கான நரம்பு செல்களின் உடல்கள் செறிந்துள்ள சாம்பல் நிறப் பகுதி அது. தண்டுவடத்தில் வெண்மை நிறப் பகுதி சூழ நடுவில் இருக்கும் இது, பெருமூளையிலோ 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனில் மேற்பரப்பிலேயே படர்ந்திருக்கிறது. ஆகவே, தலையில் பலத்த அடி விழுந்து மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் மோதும்போது, குறிப்பாக நெற்றிப் பக்கமும் பொட்டுப் பக்கமும், கன்றிப்போவது பெரும்பாலும் இப்பகுதிதான். முறிந்த எலும்பு கூடிவிடும். அழிந்த நரம்பு செல் அவ்வாறு மீள்வதில்லை.

இதை எழுதக் காரணம், காலை வேளையில் பள்ளி வாயிலில் நாங்கள் காண்பதுதான். இம்பீரியல் சாலையின் பேருந்து நெரிசலைக் கடந்து வரும் இருசக்கர வாகனங்களில், ஓட்டும் பெற்றோர் ஹெல்மெட் அணிந்திருக்க, பின்னால் பிள்ளை வெறுந்தலையோடு அமர்ந்திருக்கிறது. காலை நேரத்து அவசரத்தையும், வளரும் பிள்ளைக்கு அடிக்கடி அளவு மாற்றி வாங்க வேண்டிய செலவையும் நாங்கள் அறியாதவர்கள் அல்லர்.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டியுள்ளது. 4 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு. மேல்நிலை வகுப்பு மாணவர் சிலர் ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் நடந்து வருவதும் எங்களுக்குத் தெரியும். விளைவை எண்ணிப் பார்க்க உதவும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருப்பது. ஆனால் சாவியைக் கொடுப்பவர்கள் பெரியவர்கள். சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், காப்பாளருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 199ஏ பிரிவு இடமளிக்கிறது. விடுமுறைக்குப் பின் இத்தகைய வாகனம் கண்டால், பெற்றோர் நேரில் வந்த பிறகே மாணவர் வகுப்பில் அனுமதிக்கப்படுவர்.

பிள்ளைகளின் ஹெல்மெட்டுகளை வைக்க ஒவ்வொரு வகுப்பிலும் அலமாரி ஒதுக்கியுள்ளோம். தலைக்குப் பொருந்தும் அளவில் வாங்கி, தாடைப் பட்டையை மாட்டி அனுப்புங்கள். சொல்லாமலே இதைக் கடைப்பிடித்து வரும் பெற்றோருக்கும், வாயிலில் நின்று உதவும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் என் உளமார்ந்த நன்றி.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்